மையம் பார்க்காத நாட்கள்

மே 6

ஆய்வகப் பதிவேட்டில் புலம்பக் கூடாதாம். எங்கள் குழுத் தலைவர் ரகோத்தமன் சார் சொல்லிவிட்டார். "ஏசி செத்தது, நானும்" என்று நேற்று அதில் எழுதியிருந்தேன். டெல்லியிலிருந்து வந்த பெரியவர்கள் புரட்டும்போது அந்தப் பக்கமா திறந்துகொள்ள வேண்டும்? அதனால் சாயங்காலம் கடைக்குப் போய் இந்த டைரியை வாங்கினேன். இது புலம்பலுக்கென்றே.

ஏசிக்கு இன்று உயிர் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அறை சூடேறியதில் லேசர் மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டார். நாங்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அறை குளுகுளுவென்று இருக்க வேண்டும், பக்கத்தில் யாரும் அதிர நடக்கக் கூடாது, கவனிப்பில் ஒரு குறை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் நஃபீலாவும் பகல் முழுக்கக் கண்ணாடிகளைத் திருகித் திருகி அவரைச் சமாதானம் செய்தோம். நஃபீலா ஆராய்ச்சி மாணவி, நாகூர்க்காரி, இது அவளுக்கு ஐந்தாவது வருஷம். எனக்கு இடுப்பு விட்டுப்போனால் அவள் குனிவாள், அவளுக்கு விட்டுப்போனால் நான்.

வீட்டில் மாவு தீர்ந்திருந்தது. என் வீட்டுக்காரன் அமல் முட்டை பொரித்துத் தந்தான். உப்பு இல்லை. சொல்லத் தெம்பும் இல்லை.

மே 11, ஞாயிறு

கோவில்பட்டியிலிருந்து அம்மா பேசினாள். "இன்னும் அந்த அணுவத்தான் குளிர வச்சிக்கிட்டு இருக்கியா? ஐஸ்பெட்டில வச்சா ஆகாதா?" என்றாள். வழக்கம்போல முதலிலிருந்து சொன்னேன்.

ருபீடிய அணுக்களைக் கிட்டத்தட்ட அசைவே இல்லாத அளவுக்குக் குளிர வைக்கிறோம். ஒளியாலேயே முட்டை அட்டை மாதிரி குழி குழியாகச் செய்து, குழிக்கு ஒன்றாக அவற்றை உட்கார வைக்கிறோம். பிறகு மாப்பிள்ளை ஒரு முறை கண் சிமிட்டுவார், ரொம்பச் சின்னச் சிமிட்டல். அதில் சில அணுக்கள் வீங்கிப் பெரிதாகிவிடும். அதுவரை தன் குழியில் தானுண்டு என்றிருந்த ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றின் விவகாரத்திலும் மூக்கை நுழைக்கும். சற்று இடைவெளி விட்டு இன்னொரு சிமிட்டல். அந்த இடைவெளியில் உள்ளே என்ன நடந்தது என்பது இரண்டாவது சிமிட்டலில் தெரியும். இடைவெளியை மாற்றிக்கொண்டே போனால், வீங்கிய அணுக்களின் எண்ணிக்கை ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும், மெல்ல மெல்ல ஆட்டம் அடங்கும். முழுக் கூத்தும் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

"இதுக்கா ராத்திரி பகலா கெடந்து சாவுத?"

இதற்குத்தான். நிறையத் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எந்தக் கம்ப்யூட்டராலும் முழுதாகக் கணக்குப் போட முடியாது. முப்பது நாற்பது அணுவுக்கே அது நுரை தள்ளிவிடும். எங்களிடம் இருப்பது பல்லாயிரம். அதனால் கணக்கை அணுக்களையே போடச் சொல்லிவிட்டு, விடையை மட்டும் நாங்கள் பார்க்கிறோம்.

அமல் இதே கணக்கைக் காகிதத்தில் போடுகிறவன். முழுதாக முடியாது என்பதால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறான். ஆட்டம் எவ்வளவு வேகமாக அடங்கும் என்று அது முன்கூட்டியே சொல்லும். நான்கு வருஷ உழைப்பு. அது சரியா என்று அணுக்கள் சொல்ல வேண்டும், அதாவது ஆய்வகத்தில் என் மேசை சொல்ல வேண்டும். ஆகஸ்ட் முதல் தேதி அவனுக்கு இங்கே நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு. "சோதனையில் நிரூபணம் ஆயிற்றா?" என்றுதான் கேட்பார்கள். ஆயிற்று என்றால் வேலை. ஆகாவிட்டால் ஆகஸ்டோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது, வேறு ஊர் பார்க்க வேண்டும்.

கல்யாணமாகி முதல் ஆறு வருஷம் அவன் கொல்கத்தாவிலும் நான் பெங்களூரிலும் இருந்தோம். திருச்சிக்கு வந்த பிறகு, இந்த இரண்டு வருஷமாகத்தான் ஒரே வீடு. மறுபடி ஒரு தடவை பெட்டி கட்டி அவனை ரயிலேற்ற என்னால் முடியாது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

வீட்டில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். அவன் வளைகோட்டை உறையில் போட்டு மூடி சாரிடம் கொடுத்துவிட்டான். என் அளவீடு முடியும்வரை வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. தெரிந்தால் என் கை தானாக அந்தப் பக்கம் சாயும் என்பது சாரின் பயம்.

மே 19

மாப்பிள்ளை மலையேறிவிட்டார். வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 3

உறையை இன்று பிரித்தோம்.

சார் அறையில் நான்கு பேர். சார் என் புள்ளிகளின் மேல் அமலின் வளைகோட்டைக் கண்ணாடித்தாளில் வைத்து நகர்த்தினார். தொடக்கத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்புறம் புள்ளிகள் கீழே போயின, கோடு மேலேயே நின்றது. அவன் சொன்னதைவிட என் ஆட்டம் சீக்கிரமாக அடங்குகிறது.

சார் தாளை இன்னொரு தடவை நகர்த்திப் பார்த்தார். ஏசி மட்டும் சொட்டியது.

"கருவியில ஏதோ இருக்கு செண்பகம். தேடிப் பாருங்கோ" என்றார் சார்.

"பாக்கேன் சார்" என்றேன். கருவியில்தான் இருக்கும் என்று எனக்கும் உடனே தோன்றிவிட்டது.

அமல் என்னைப் பார்க்காமல் மாடியில் தன் அறைக்குப் போனான். வீட்டுக்கு வந்ததும் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தான். "பரவால்ல செண்பா, பாத்துக்கலாம்" என்றான். நானும் பரவாயில்லை என்றேன்.

ஜூன் 9

தேடல். காந்தச் சுருள்கள், குளிர்நீர்க் குழாய், மின்வழங்கி, எண்ணும் கருவி. எல்லாம் யோக்கியமாக இருக்கின்றன. இவ்வளவு யோக்கியம் எங்களுக்குத் தேவையில்லை.

ஜூன் 12

இன்றும் ஒன்றுமில்லை. கேஸ் தீர்ந்தது. இட்லி வாங்கிவந்து தின்றோம்.

ஜூன் 17

கிடைத்தது!

கடைசி லென்ஸுக்கும் அணுக்கள் இருக்கும் வெற்றிடக் கலத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தட்டு இருக்கிறது. மார்ச்சில் பழைய தட்டில் கீறல் விழுந்தபோது, அவசரத்துக்குப் பூச்சு இல்லாத சாதாரணத் தட்டு ஒன்றை வைத்திருந்தோம். பிறகு மாற்ற மறந்தே போயிற்று. அதற்குள்ளேயே ஒளி முன்னும் பின்னும் மோதி, ஒவ்வொரு சிமிட்டலுக்குப் பின்னாலும் ஒரு குட்டி வால் முளைத்திருக்கிறது. சின்னதுதான். ஆனால் அணுக்களுக்கு இப்படி ஒரு மூன்றாவது சிமிட்டல் போய்ச் சேர்ந்தால் கணக்கு குழம்பத்தானே செய்யும்?

நஃபீலா கைதட்டிவிட்டாள். எனக்கு அப்படியே தரையில் உட்கார வேண்டும்போல் இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 18

பூச்சுள்ள புதுத் தட்டைப் பொருத்தினோம். பழையதைவிடக் கொஞ்சம் தடிமன். வால் போய்விட்டது.

எங்கள் சுவரில் நஃபீலா பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள்: "கண்ணாடியைத் தொட்டால் மையம் பார்." எதைத் தொட்டாலும் ஒளிக்கதிர் மயிரிழை நகர்ந்துவிடும். அணுக்கூட்டமோ மயிரிழை அகலம்தான். நடுவில் குழி விடாமல் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும், ஓரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும். அதனால் கதிரை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தி, அது நட்டநடுவில்தான் விழுகிறதா என்று பார்த்து நிறுத்த வேண்டும். அதற்குப் பெயர்தான் மையம் பார்ப்பது. ஒரு நாள் முழுக்கத் தின்றுவிடும்.

"அக்கா, மையம் பாக்கணுமே" என்றாள்.

"நாளைக்குப் பாக்கலாம். வால் போனது தெரியுதான்னு சும்மா ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்குவோம்."

ஓட்டினோம். புள்ளிகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் அமலின் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது. கடைசிவரை.

ஜூன் 19

சார் பால்கோவா வாங்கிவந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். அமல் மாடியிலிருந்து இறங்கி வந்து ஆய்வக வாசலில் நின்றான். உள்ளே வர மாட்டான், தூசி வரும் என்று பயம். கண் கலங்கியிருந்தது. "ஏட்டி, நெசமாவா?" என்று மட்டும் கேட்டான். நான் தலையாட்டினேன். நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ காலம் ஆகிறது.

இன்று யாருக்கும் வேலை ஓடவில்லை.

ஜூன் 23

நஃபீலா சொன்னாள்: "புதுத் தட்டு போட்டதுலேர்ந்து எண்ணிக்கை கொறஞ்சிருக்குக்கா."

"வால் போயிருச்சுல்ல. ஒளியும் கொஞ்சம் கொறையத்தான செய்யும்?"

"ம்" என்றாள். நாகூர் "ம்". அதில் ஒரு புத்தகமே எழுதலாம்.

சார் கட்டுரையை ஆரம்பித்துவிட்டார். வரைபடங்களெல்லாம் நான்தான் போட வேண்டும். மையம் பார்ப்பது இந்த வாரம் முடியாது.

ஜூலை 2

எங்கள் வீட்டில் இரண்டு கட்டில்கள். ஒன்று அவன் விடுதியிலிருந்து வந்தது, ஒன்று என்னுடையது. உயரம் வேறு வேறு. சேர்த்துப் போட்டால் நடுவில் ஒரு படி. இரண்டு வருஷமாக அதில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்கிறோம், எப்போது யார் கிளம்ப வேண்டியிருக்குமோ என்று புதிது வாங்கவில்லை. இன்று அமல் தில்லைநகர் போய் ஒரே பெரிய கட்டிலாக வாங்கிவந்துவிட்டான். மாட்டுவதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. "இனி இது நகராது" என்று அதன்மேல் விழுந்து படுத்தான்.

எண்ணிக்கையின் மூலக் கோப்புகளை அவன் கேட்டிருந்தான், நேர்முகத் தேர்வில் காட்டும் படத்துக்காக. போன வாரமே அனுப்பிவிட்டேன்.

ஜூலை 9

மையம் பார்க்க நேரமில்லை. படம் நான்கில் எழுத்து சிறிதாக இருக்கிறதாம்.

ஜூலை 14

நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 16

மின்தடை. இன்று நிச்சயமாக முடியாது. ஒரு மாதிரி நிம்மதியாகத்தான் இருந்தது, ஏனென்று தெரியவில்லை. துணியெல்லாம் துவைத்துப் போட்டேன்.

ஜூலை 21

நஃபீலா ஆய்வேட்டில் சோதனை முறை பற்றிய பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறாள். மதியம் சாப்பிடும்போது வந்து நின்றாள்.

"அக்கா, மையம் பாத்த தேதின்னு என்ன போடட்டும்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஏப்ரலில் ஒரு தேதி இருக்கிறது. அது பூச்சில்லாத பழைய தட்டுக்கு.

"ரெண்டு நாளா அந்த எடத்தை வெறுமனே விட்டு வச்சிருக்கேன்" என்றாள். "நீங்க சொல்றதப் போட்டுக்கிறேன்."

நான் என்ன சொன்னாலும் போட்டிருப்பாள். ஐந்து வருஷம் என் பக்கத்தில் குனிந்து நின்ற பெண். "நாளைக்குப் பாத்துட்டுப் போடுவோம்" என்றேன்.

ஜூலை 22

பார்த்தோம்.

கதிர் நடுவில் இல்லை. தடித்த கண்ணாடி அதைத் தள்ளிவிட்டிருக்கிறது. அணுக்கூட்டத்தின் ஓரத்தை, நிறையக் குழிகள் காலியாகக் கிடக்கிற இடத்தைத்தான் ஒரு மாதத்துக்கு மேலாகத் தட்டிக்கொண்டிருந்தோம். எண்ணிக்கை குறைந்தது வாலால் அல்ல. "கொஞ்சம்" என்று எழுதிவைத்திருக்கிறேன், அது மூன்றில் ஒரு பங்கு. வால் போனால் அவ்வளவு குறையாது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

கதிரை நடுவுக்குக் கொண்டுவந்து ஓட்டினோம். வால் இல்லை, மையம் சரி, எல்லாம் சரி. ஆட்டம் சட்டென்று அடங்கியது, ஜூன் மூன்றாம் தேதி பார்த்த மாதிரியே, கொஞ்சம் கூடுதல் வேகமாகவே. ஓரத்தில் நெருக்கம் குறைவு, ஒன்றையொன்று இழுப்பதும் குறைவு, அதனால்தான் அங்கே அமலின் கோடு பொருந்தியிருக்கிறது. நெருக்கமாக இருக்கும் இடத்தில் அவன் குறுக்குவழி உடைந்துபோகிறது. அவன் சரியென்று காட்ட வேண்டியதே நெருக்கமான இடத்துக்குத்தான்.

பொருந்தாதபோது இரண்டு வாரம் மேசையைக் குடைந்தேன். பொருந்தியதும் ஒரு நாள்கூடக் குடையவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தத் தப்பைச் சொல்வார்கள். நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

நஃபீலா விளக்குகளை அணைத்தாள். "நீங்க சொல்ற அன்னக்கி சொல்லுங்கக்கா. நான் யார்ட்டயும் வாய் தொறக்க மாட்டேன்" என்றாள்.

நேர்முகத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கிறது.

ஜூலை 23

சொல்லவில்லை. அமல் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தான்.

ஜூலை 24

சொல்லவில்லை. ஆகஸ்ட் இரண்டாம் தேதி, தேர்வு முடிந்ததும் சொன்னால் என்ன? ஒரு நாள்தான் வித்தியாசம். வேலை கிடைத்த பிறகு தப்பு தெரியவந்தது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? கட்டுரையும் இன்னும் போகவில்லை, எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். அணுக்கள் எங்கேயும் ஓடிவிடாது.

எழுதிப் பார்த்தால் ஞாயமாகத்தான் தெரிகிறது. அதுதான் அசிங்கமாக இருக்கிறது.

ஜூலை 25

தண்ணீர் கேன் வரவில்லை. முதுகு. தூக்கமில்லை.

ஜூலை 27, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பகல் பதினொரு மணி இருக்கும். மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து அமல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான், வெள்ளிக்கிழமைக்கான சட்டை. நான் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து நின்றேன்.

"அமல், செவ்வாக்கெழம மையம் பாத்தோம்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். சுவிட்சை அணைத்தான். "எவ்வளவு தள்ளி இருந்துச்சு?" என்றான்.

சொன்னேன். "நடுவுல வச்சா என்ன வருது?" என்றான். அதையும் சொன்னேன். எல்லாம் என்னிடம் மனப்பாடமாக இருந்தது. அவன் கேட்ட விதத்தில் ஏதோ இடித்தது. வேறு யாராவது என்றால் முதலில் "ஏன்?" என்று கேட்டிருப்பான்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்தான். "ஜூன் கடைசில, நீ கோப்பு அனுப்பினேல்லா. எண்ணிக்கை மூணுல ஒரு பங்கு கொறஞ்சிருந்துச்சு. கண்ணாடி மாத்துன நாள்லேர்ந்து."

"அப்பமே தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல முடியாது. சந்தேகம். ஓரத்துல அடிக்கோ என்னமோன்னு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து நாளாக... இல்லை, ஒரு மாதமாக நான் நாளைக்கு நாளைக்கு என்று செத்துக்கொண்டிருக்கிறேன், இவனுக்குத் தெரிந்திருக்கிறது. "ஒரு வார்த்த ஏன் கேக்கல?" என்று கத்திவிட்டேன்.

"கேட்டா நீ போயி மையம் பாத்துருவேல்லா" என்றான்.

அடுப்படியில் மூடி குதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே போய்ப் பார்க்கவில்லை.

"அப்ப நானே சொல்லட்டும்னு இருந்தியா?"

"இல்லட்டி." என் முகத்தைப் பார்த்தே சொன்னான். "நீ சொல்லாம இருந்துரணும்னு இருந்தேன். தெனமும் நீ வீட்டுக்கு வாரப்ப மொகத்தப் பாப்பேன். இன்னைக்கும் சொல்லலன்னா அப்பாடான்னு இருக்கும்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொன்னேன். அவன் கேட்காவிட்டால் எனக்கும் அப்பாடா. புதுக் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை நாளாக இதே வீட்டில் இரண்டு பேரும் ஒரே திருட்டைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்ததைப் பேசினோம். அழுதேன். அவன் அழவில்லை, என் தோளில் தலையை வைத்துக்கொண்டான், ரொம்ப கனமாக இருந்தது. சோறு அடிப்பிடித்துவிட்டது. அதையே தயிர் ஊற்றித் தின்றோம்.

சாப்பிட்டு முடித்த பிறகு, "நெருக்கம் கூடக்கூட எவ்வளவு வேகமா அடங்குது? நேரா ஏறுதா, இல்ல அதவிட மேலயா?" என்று கேட்டான். சனியன், அதைக் கேட்கும்போது அவன் முகம் தெளிந்திருந்தது.

ஜூலை 28

இரண்டு பேருமாகப் போய் சாரிடம் சொன்னோம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரே ஆத்துல இருக்கேள். ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டேளா?" என்றார்.

 அவர் போட்ட சட்டம்தான் என்று சொல்லலாம், ஆனால் அது பொய்.

பிறகு புதுப் புள்ளிகளைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இந்த வேகத்த எந்தக் கணக்கும் சொல்லலையேம்மா. இதுக்குத்தானே இந்த யந்திரத்தையே கட்டினோம்" என்றார். அப்புறம்தான் அமல் எதிரே உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்ததுபோல. "அமல், வெள்ளிக்கிழமை என்ன செய்யப் போறேள்?"

"இதத்தான் சார் காட்டப் போறேன்" என்றான்.

ஆகஸ்ட் 1

இஸ்திரி மடிப்பு கலையாமல் போனான். மத்தியானம் வந்தான்.

"சோதனையப் பத்திக் கேட்டாங்களா?"

"கேக்குறதுக்கு முந்தியே நானே போட்டுக் காட்டிட்டேன். ஓரத்துல சரி, நடுவுல தப்புன்னு." சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "அப்ப உங்க மெதட் எதுக்கு உதவும்னு ஒருத்தர் கேட்டாரு. எங்க ஒடையுதுன்னு தெரியறதுக்கு உதவும்னேன். சிரிச்சாங்க. நல்ல சிரிப்புதான்."

படுத்ததும் தூங்கிவிட்டான். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஆகஸ்ட் 8

வேறு ஒருவருக்கு. நல்ல ஆள்தானாம்.

ஆகஸ்ட் 14

குவாஹாட்டியில் இரண்டு வருஷ ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அமல் சரியென்று எழுதிவிட்டான். இங்கிருந்து ரயிலில் மூன்று நாள். போர்வை வாங்க வேண்டும், அங்கே டிசம்பரில் குளிருமாம்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. தட்டின்மேலா? இரண்டாம் தேதி சொல்லியிருக்கலாம் என்று ஒரு தடவை தோன்றியது. தோன்றியதை மறைக்காமல் எழுதிவைக்கிறேன். சொல்லியிருந்தால் இந்தக் கட்டிலில் இரண்டு பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்போம். அது இதைவிட மோசமா, எனக்குத் தெரியாது. அவன் போகப்போகிறான், அது மட்டும்தான் தெரிகிறது. எனக்கு அவன் இங்கேயே இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 22

நஃபீலா தேதியைப் போட்டுவிட்டாள். ஜூலை 22. கட்டுரையைப் புதிதாக எழுதுகிறோம். அமலின் பெயரும் இருக்கிறது, அவன் கோடும் இருக்கிறது, புள்ளிகளுக்கு மேலே தனியாக.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சாயங்காலம் ரயில். காலையிலேயே பெட்டி கட்டியாயிற்று. இட்லிப் பொடி, போர்வை, அவன் காகிதங்கள். மதியம் சாப்பிட்டதும், "ஆய்வகத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போ" என்றான். "என்னத் தோக்கடிச்சத நான் கண்ணால பாத்ததே இல்லையே."

இரண்டு வருஷத்தில் அவன் வாசல் தாண்டி உள்ளே வந்தது இதுதான் முதல் தடவை. செருப்பை மாற்றி, தலையில் தொப்பி போட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான், ஏதாவது பட்டுவிடுமோ என்று. கலத்தின் ஜன்னல் வழியாகக் குளிர்ந்த அணுக்களின் சின்னச் சிவப்புப் புள்ளியைக் காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். "இவ்வளவுதானா?" என்றான்.

மாப்பிள்ளை இன்றைக்கு ஒரு முறுக்கும் இல்லாமல் இருந்தார். மையம் பார்த்தேன். அமலை என் நாற்காலியில் உட்கார வைத்து, ஓட்டும் பொத்தானை அவனையே அழுத்தச் சொன்னேன். திரையில் அவன் கோடு முன்பே வரைந்திருந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. முதலில் கோட்டின் மேல். அப்புறம் கொஞ்சம் கீழே. அப்புறம் இன்னும் கீழே.

ஒவ்வொரு புள்ளிக்கும் அவன் லேசாகத் தலையாட்டினான். பாதியில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். எனக்கு அவன் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்துவிட வேண்டும்போல் இருந்தது. இழுக்க முடியாது.

கடைசிப் புள்ளி விழுந்தது.

"நல்லாத்தான் அடங்குது" என்றான். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "செண்பா, இன்னொரு தடவ ஓட்டேன்."

ஒரு தடவை ஓட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் பொத்தானை அழுத்தினேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.